பழைய லண்டன் நையாண்டித் திரட்டைப் படிக்கும் முறை

பெயரைத் தேடிப் புரட்டாதீர்கள். 1700களின் முதல் முப்பது ஆண்டுகளில் லண்டனில் அச்சான நகைச்சுவை, நையாண்டிப் பாடல் திரட்டுகளைப் படிக்க வழி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கவிஞர்களில் பெரிய பெயர்களான ஜோனதன் ஸ்விஃப்ட் எங்கே, அலெக்சாண்டர் போப் எங்கே என்று உள்ளடக்கத்தில் விரலை ஓட்டினால் நான்கைந்து பாட்டுகள் கிடைக்கும். மற்றவற்றில் பலவற்றுக்குப் பெயரே இருக்காது. இருந்தாலும் ‘ஒரு கனவான் இயற்றியது’, ‘ஒரு சீமாட்டி இயற்றியது’ என்றுதான் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போனால் அந்த நான்கைந்தும்கூடப் பாதிதான் புரியும். பக்கத்தில் இருக்கும் பாட்டைக் கிண்டல் செய்யவோ, அதற்குப் பதில் சொல்லவோ வந்த பாட்டுகள் அவை.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் சிங்கப்பூரில் மெய்ப்புத் திருத்தியவள். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில், கம்போசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா மலர், சங்க ஆண்டறிக்கை, கவிதைப் புத்தகம் எல்லாம் என் கண் வழியாகப் போயின. ஆங்கில இலக்கியத்தை நான் வகுப்பில் கற்றதில்லை. என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தபோது, ஒருநாள் தோ பாயோவில் என் வீட்டுக்கு வந்து, அந்தக் காலத் திரட்டு ஒன்றின் நகல்களை மேசையில் பரப்பினாள். “அத்தை, இந்தப் பாட்டு நடுவில் அறுந்து நிற்கிறது. எனக்கு விளங்கவில்லை” என்றாள். பாட்டு எனக்கும் விளங்கவில்லை. ஆனால் பக்கத்தின் அடியில் தனியாக அச்சிட்டிருந்த சொல்லும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லும், ஒன்றாக இருக்க வேண்டியவை, வேறாக இருந்தது கண்ணில் பட்டது. “இங்கே ஒரு தாளை எடுத்துவிட்டு வேறு தாளை வைத்திருக்கிறார்கள், அம்மா” என்றேன். அன்று தொடங்கிய பழக்கம், பதினெட்டு ஆண்டுகளாக விடவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வகைப் புத்தகம் அந்நியமானதல்ல. நம்மிடம் தனிப்பாடல் திரட்டு இருக்கிறது. காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைத்துப் பாடிய சிலேடையும், சோறு போடத் தாமதித்த சத்திரத்தின் மேல் பாடிய வசையும், இரட்டைப்புலவர் ஆளுக்கு இரண்டடியாகப் பாடியதும் ஒரே புத்தகத்தில் கிடக்கின்றன. அந்தப் பாட்டு எந்த ஊரில், யாரைப் பார்த்து, என்ன கோபத்தில் பிறந்தது என்ற கதையைச் சேர்த்துத்தான் நாம் படிக்கிறோம். லண்டன் திரட்டுகளையும் அப்படியே படிக்க வேண்டும். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். நம் தனிப்பாடல்கள் வாய்வழி வந்து, பல நூற்றாண்டுகள் கழித்து அச்சேறின. லண்டன் பாட்டுகளோ பாடப்பட்டவர் உயிரோடு, சில வேளைகளில் பதவியோடு இருக்கும்போதே அச்சேறி, புத்தகக் கடையில் தொங்கின.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? இந்தத் திரட்டுகள் ஒரே சாதி அல்ல. ஜேக்கப் டான்சன் என்ற பதிப்பாளர் 1684இல் கவிஞர் ஜான் டிரைடனோடு சேர்ந்து தொடங்கி 1709 வரை ஆறு பாகங்களாக வெளியிட்ட திரட்டு நாகரிகமானது. அதில் மொழிபெயர்ப்புகளும் காதல் பாட்டுகளும் அதிகம். ‘அரசியல் விவகாரக் கவிதைகள்’ என்ற பொருள்படும் பெயரோடு 1689 முதல் வந்த தொகுதிகள் அரசரையும் அமைச்சரையும் கடிப்பவை. அவற்றில் ஆண்டும் அரசியலும் தெரியாமல் இறங்கினால் மூச்சு முட்டும். ‘மனவாட்டம் போக்கும் பேதி மாத்திரைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1698இல் ஹென்றி பிளேஃபோர்டு தொடங்கியதை, தாமஸ் டர்ஃபி 1719, 1720ஆம் ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள், இசைக்குறிப்போடு. குடிப்பாட்டும் கொச்சையும் அதில் தாராளம். போப்பும் ஸ்விஃப்டும் சேர்ந்து 1727 முதல் 1732 வரை வெளியிட்ட ‘மிஸலனீஸ்’ தொகுதிகள் நண்பர்கள் வட்டத்தின் சரக்கு.

தொடங்குபவர்களுக்கு இவற்றில் எதையும் முழுதாகக் கொடுக்க மாட்டேன். முதலில் ஒரே ஒரு பாட்டை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படிக்கச் சொல்வேன். அது ஸ்விஃப்ட் எழுதிய நகரத்து மழை வருணனை. 1710 அக்டோபரில் ‘டாட்லர்’ பத்திரிகையில் வந்தது, அடுத்த ஆண்டே அவருடைய திரட்டுக்குள் புகுந்தது. அறுபத்துச் சொச்சம் அடிதான். மழை வரப்போவதற்கு முன் பூனை தன் வாலைத் துரத்துவதை நிறுத்துகிறது, சாக்கடை நாற்றம் கூடுகிறது. மழை கொட்டியதும் பெண்கள் கூட்டமாகக் கடைக்குள் ஓடி, விலை பேசுவதுபோல் நடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் நிற்கிறார்கள். ஒரு தையல்காரப் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எண்ணெய் பூசிய குடையில் நீர் வழிய விரைந்து நடக்கிறாள். லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில் மாலை மழைக்கு ஒதுங்கி, வளையல் கடையில் எதையோ தேடுவதுபோல் நின்றிருக்கிறீர்களா? எனக்கு அந்தப் பாட்டின் உரை அங்கேதான் கிடைத்தது.

அதே பாட்டில் ஒரு கூரைக்குக் கீழே டோரி கட்சிக்காரர்களும் விக் கட்சிக்காரர்களும் ஒதுங்குகிறார்கள். அந்த மாதம் நடந்துகொண்டிருந்த தேர்தலில் டோரிகள் வென்றுவருகிறார்கள், விக்குகள் சோர்ந்திருக்கிறார்கள். இரு தரப்பும் பகையை மறந்து தங்கள் பொய்முடியைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபடுகிறார்கள். கட்சியின் பெயரும் விக், பொய்முடியும் விக். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு சற்று வேறு, தமிழில் எழுதினால் ஒரே சொல்தான். காளமேகத்தைப் படித்த காதுக்கு இது உடனே விழும்.

காது என்று சொன்னேன், அதற்கு ஒரு பயிற்சி வேண்டும். நம் காது அடியின் தொடக்கத்தைக் கேட்டுப் பழகியது. எதுகையும் மோனையும் முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலச் செய்யுளில் ஒலி ஒன்றுவது அடியின் முடிவில், அதாவது நம் இலக்கணம் இயைபு என்று சொல்லும் இடத்தில். எனவே படிக்கத் தொடங்கிய முதல் மாதத்தில், ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் பென்சிலால் வட்டமிடுங்கள். நகைச்சுவை பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். சாமுவேல் பட்லர் 1663இல் தொடங்கிய ‘ஹுடிப்ராஸ்’ என்ற நூல் இந்த வித்தைக்குத் தாய். ‘எக்ளீஸியாஸ்டிக்’ என்ற கனமான சமயச் சொல்லுக்கு இணையாக அடுத்த அடியில் ‘அ ஸ்டிக்’, ஒரு குச்சி, என்று இரண்டு சொல்லை உடைத்து வைத்தார். பிரசங்க மேடையைக் குச்சிக்குப் பதிலாக முஷ்டியால் அடிக்கும் பாதிரியாரின் படம் அந்த ஒலியிலேயே வந்துவிடுகிறது. சொல்லை வெட்டிப் புதுப் பொருள் காட்டும் மடக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்லரின் அடி எட்டு அசை, நான்கு அழுத்தம், ஓடுகிற ஓட்டம். அடுத்த அறுபது ஆண்டுகளின் மலிவு நையாண்டி பெரும்பகுதி அந்த ஓட்டத்தில்தான் வந்தது. பத்து அசை, ஐந்து அழுத்தம் உள்ள அடியைப் பார்த்தால் அது பெருங்காப்பியத்தின் உடை. அந்த உடையை எலிக்கோ, விசிறிக்கோ, சாக்கடைக்கோ போட்டிருந்தால், கேலி தொடங்கிவிட்டது என்று பொருள். மழைப் பாட்டின் கடைசி மூன்று அடிகள் ஒரே ஒலியில் முடிகின்றன, கடைசி அடி மட்டும் நீள்கிறது. டிரைடன் காலத்துப் புலவர்கள் கம்பீரத்துக்காகக் கையாண்ட அதே உத்தியில் ஸ்விஃப்ட் செத்த பூனையையும் டர்னிப் கிழங்கின் தழையையும் மிதக்க விட்டார்.

இயைபு இப்போதைய உச்சரிப்பில் பொருந்தாவிட்டால் புலவர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். போப்பின் ‘த ரேப் ஆஃப் த லாக்’ என்ற முடிக்கற்றைக் காவியத்தில், மூன்று நாடுகள் பணியும் ஆன் அரசி சில வேளை ஆலோசனை கேட்கிறாள், சில வேளை தேநீர் குடிக்கிறாள் என்று ஓர் இடம். ‘ஒபே’ என்ற சொல்லுக்குத் தேநீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இணையாக வருகிறது. இன்றைய ‘டீ’ அங்கே ஒட்டாது. அக்காலத்தில் அதை ‘டே’ என்றே சொன்னார்கள். நம் காப்பிக் கடையில் ‘தே ஓ’, ‘தே தாரிக்’ என்று கேட்கிறோமே, அந்த ‘தே’யும் லண்டன் சீமாட்டிகளின் ‘டே’யும் ஒரே ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து கிளைத்தவை. இந்த ஓர் அடியைப் பொறுத்தவரை சிங்கப்பூர்க்காரருக்கு உச்சரிப்பு பாதி தெரிந்த மாதிரிதான்.

இதனால்தான் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன், அதுவும் இருவராக. அச்சகத்தில் மூலத்தை ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் மெய்ப்பில் கண் வைத்திருப்பார். என்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்த அக்கா காற்புள்ளிக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு மூச்சு விடுவார். அவர் குரல் தடுக்கிய இடத்தில் பிழை இருக்கும். பழைய நையாண்டியில் குரல் தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் மறைபொருள் இருக்கும். இப்போது என் அண்ணன் மகள் வாசிக்கிறாள், நான் பக்கத்தைப் பார்க்கிறேன். சனிக்கிழமை காலையில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் சந்திப்போம். லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்தில் சத்தமாக வாசிக்க முடியாது என்பதால், குறிப்பு எடுத்துக்கொண்டு கீழே வந்து உணவங்காடி நிலையத்தில் ஓரமாக ஒரு மேசை பிடிப்போம்.

டர்ஃபியின் தொகுதிகளுக்கு வாசிப்பு போதாது, பாட வேண்டும். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் இன்ன வர்ணமெட்டு என்று தலைப்புக்குக் கீழே போட்டிருப்பார்கள் அல்லவா, லண்டனிலும் அந்த வழக்கம் உண்டு. தெரிந்த மெட்டில் புதிய வசையை ஏற்றுவார்கள். மெட்டின் பழைய சொற்கள் கேட்பவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும், புதிய சொற்கள் அவற்றின் மேல் உரசும். ஜான் கே 1728 ஜனவரியில் மேடையேற்றிய ‘பிச்சைக்கார ஆபரா’ இந்த உரசலை வைத்தே அறுபத்தொன்பது பாட்டுகளைக் கட்டியது, முதல் பருவத்தில் அறுபத்திரண்டு இரவுகள் ஓடியது. அதில் உள்ள மெட்டுகள் பல டர்ஃபியின் தொகுதிகளிலும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இனிப் புத்தகத்தின் உடம்பு. இதில்தான் எனக்கு மனம் அதிகம் நிற்கும். எப்போதும் பக்கப் படத்தைப் பாருங்கள், கணினி படித்துக் கொடுக்கும் எழுத்தை நம்பாதீர்கள். அக்கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ‘எஃப்’ போலவே இருக்கும். குறுக்குக் கோடு இடப்பக்கம் மட்டும் இருந்தால் எஸ், இருபுறமும் நீண்டால் எஃப். யானைத் துதிக்கை போன்ற பழைய ‘லை’ எழுத்தைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது ஒரு மணி நேரப் பழக்கம். கணினிக்கு அது தெரிவதில்லை. இணைய நூலகங்களில் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால், எஸ் வரும் இடத்தில் எஃப் போட்டுத் தேடுங்கள். ஒளிந்திருந்த பக்கங்கள் வெளியே வரும்.

அடுத்து, வலப்பக்கங்களின் அடியில் ஏ, பி, சி என்று வரும் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். அவை புத்தகம் கட்டுபவருக்கான அடையாளம். நாங்கள் ஃபாரம் என்று சொல்லும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் எழுத்து. ஒரு தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இலை, பதினாறு பக்கம். பன்னிரண்டு இலை வரும்படி மடித்த சிறிய புத்தகங்களும் ஏராளம், அவை சட்டைப் பைக்கானவை. ஜே, டபிள்யூ ஆகிய எழுத்துகள் வரிசையில் வராது, யு, வி இரண்டில் ஒன்றுதான் வரும். அதைப் பார்த்துத் தாள் குறைகிறது என்று பதறாதீர்கள். ஆனால் வரிசை நடுவில் நின்று மறுபடி ஏ, பி என்று தொடங்கினால் கவனியுங்கள். விற்காமல் கிடந்த சிறு வெளியீடுகளை ஒன்றாகத் தைத்து, முன்னால் புதுத் தலைப்புப் பக்கம் ஒன்றை ஒட்டி, புதிய திரட்டு என்று விற்றிருக்கிறார்கள். எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் இதில் கைதேர்ந்தவர். பக்க அடியில் தனியாக நிற்கும் தொடர்சொல் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பக்கமும் பாருங்கள். பொருந்தாத இடத்தில் ஒரு பாட்டு கடைசி நேரத்தில் நீக்கப்பட்டிருக்கலாம், நுழைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கம்போசிட்டர் களைத்திருக்கலாம். மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. எது என்று சொல்ல இன்னொரு பிரதியையும் பார்க்க வேண்டும்.

கோடுகள் இன்னும் முக்கியம். பெயரின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் இருக்க, நடுவில் நீண்ட கோடு ஓடும். 1695இல் அச்சிடுவதற்கு முன் அனுமதி பெறவேண்டிய சட்டம் காலாவதியாகிவிட்டது. ஆனால் அச்சிட்ட பிறகு வழக்குப் போடுவது நிற்கவில்லை. நெட் வார்ட் என்பவர் ‘ஹுடிப்ராஸ்’ பாணியில் அரசைத் தாக்கித் தொடர் எழுதியதற்காக 1706இல் ஊர் நடுவே தண்டனை மரச் சட்டத்தில் கழுத்தும் கையும் மாட்டப்பட்டு நின்றார். கோடு போட்டால் முழுப்பெயர் சொல்லவில்லை என்று வாதாடலாம். வாசகரோ செய்யுளின் அசையை எண்ணியே பெயரைக் கண்டுபிடித்துவிடுவார், பலர் ஓரத்தில் மையால் எழுதியும் வைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: அந்த அடிக்கு எத்தனை அசை குறைகிறது என்று எண்ணுங்கள், கோடு அடியின் முடிவில் இருந்தால் இயைபு என்ன ஒலியைக் கேட்கிறது என்று பாருங்கள், அந்த ஆண்டு யார் பதவியில் இருந்தார், யார் வீழ்ந்தார் என்று வரலாற்றில் தேடுங்கள். மூன்றும் ஒரே பெயரைக் காட்டினால் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு மட்டும் பொருந்தினால் கேள்விக்குறி போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மறைபொருள் தேடும் ஆசையையும் அடக்க வேண்டும். அதற்கு மருந்தைப் போப்பே கொடுத்திருக்கிறார். 1715இல் எஸ்ட்ராஸ் பார்னிவெல்ட் என்ற மருந்துக்கடைக்காரரின் பெயரில் ஒரு சிறுநூல் எழுதினார். அதில் முடிக்கற்றைக் காவியம் முழுவதும் ஓர் அரசியல் சதி என்று தன் பாட்டையே தானே அம்பலப்படுத்தினார். அந்த முடி ஹாலந்தோடு செய்த எல்லைக் காப்பு உடன்படிக்கையாம், நாயகி பெலிண்டா பிரிட்டனாம். தேடினால் எதிலும் எதையும் காணலாம் என்று காட்ட எழுதியது அது. கோடுகளை நிரப்பத் தொடங்கும் முன் அந்தச் சிறுநூலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு வருவோம். 1709இல் வந்த டான்சனின் ஆறாம் பாகத்தில் ஆம்ப்ரோஸ் ஃபிலிப்ஸின் ஆயர் பாட்டுகள் முதலில், போப்பின் ஆயர் பாட்டுகள் கடைசியில். இருபத்தொரு வயது போப் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நான்கு ஆண்டு கழித்து ஒரு பத்திரிகையில் ஃபிலிப்ஸைப் போற்றிக் கட்டுரைகள் வந்தபோது, போப் பெயரில்லாமல் ஒரு கட்டுரை அனுப்பினார். ஃபிலிப்ஸைப் புகழ்வதுபோல் தொடங்கி ஒவ்வொரு பாராட்டாலும் அவரைக் குத்தினார். அவருடைய நண்பர் கே 1714இல் உண்மையான ஆங்கிலப் பட்டிக்காட்டு ஆயர்களை வைத்து ஒரு நூலே பாடினார். 1725இல் ஹென்றி கேரி, ஃபிலிப்ஸின் குழந்தைத்தனமான அடிகளைக் கேலி செய்து ‘நாம்பி பாம்பி’ எழுதினார், அந்தச் சொல் இன்றும் ஆங்கிலத்தில் வாழ்கிறது. பதினாறு ஆண்டுச் சண்டையின் வேர் ஒரு திரட்டின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இருந்தது. போப்பின் பாட்டைத் தனியாகக் கிள்ளி எடுத்துப் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இதேபோல், முடிக்கற்றைக் காவியம் 1712இல் லின்டாட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட ஒரு திரட்டுக்குள் இரண்டு காண்டமாக, பெயரில்லாமல்தான் முதலில் வந்தது. காற்றில் பறக்கும் தேவதைகளும் சீட்டாட்டமும் அதில் கிடையாது. 1714இல் தனி நூலாக ஐந்து காண்டமாக வளர்ந்தது. வகுப்பில் பெரிதைப் படித்தவர்கள் சிறிதையும் தேடிப் படியுங்கள். ஒரு பிரபு ஓர் இளம்பெண்ணின் முடியைக் கத்தரித்ததால் இரண்டு குடும்பங்கள் பேசாமல் போயின, அந்தச் சண்டையைத் தணிக்க ஒரு நண்பர் கேட்டு எழுதிய பாட்டு இது. அந்த வீட்டுக்குள் பேசும் குரல் சிறிய வடிவத்தில்தான் தெளிவாகக் கேட்கிறது.

ஆசிரியர் பெயரை எவ்வளவு நம்பலாம்? நம் ஊரில் யாரோ பாடிய வசையெல்லாம் காளமேகம் தலையில் ஏறியது போல, லண்டனில் கொச்சைப் பாட்டெல்லாம் ரோச்செஸ்டர் பிரபு என்ற கவிஞரின் கணக்கில் ஏறியது. சில வேளை பெயர் மறைத்தலே விளம்பரம். 1716இல் கர்லின் ஏற்பாட்டில் மூன்று அரசவைப் பாட்டுகள் வந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் கிடந்த ஒரு சட்டைப்பைக் குறிப்பேட்டில் கண்டெடுத்தவை என்றது தலைப்பு. எழுதியவர் ஒரு சீமாட்டி என்கிறார்கள், கே என்கிறார்கள், ஹோமரை மொழிபெயர்த்தவர் (அதாவது போப்) என்கிறார்கள் என்று முன்னுரை மூன்று பேரை நோக்கி விரல் நீட்டியது. லேடி மேரி வோர்ட்லி மாண்டேகுவின் பாட்டுகளை அவர் அனுமதியின்றி அச்சேற்றிய கதை அது. அதற்குப் பழியாகப் போப் கர்லை ஒரு விடுதிக்கு அழைத்து மதுவில் வாந்தி மருந்து கலந்து கொடுத்தார், அதையும் ஒரு சிறுநூலாக அச்சிட்டார்.

பெயரைச் சோதிக்க ஒரே வழி முதலடி. தமிழ்ப் பதிப்புகளின் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும் அல்லவா, அதே வேலையை ஆக்ஸ்ஃபோர்டில் தொகுத்த டிஜிட்டல் மிஸலனீஸ் இண்டெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரட்டுகளுக்குச் செய்கிறது. முதலடியை இட்டால் அந்தப் பாட்டு எந்தெந்த ஆண்டு, எந்தெந்தத் திரட்டில், யார் பெயரில் வந்தது என்று காட்டும். அதன் அடித்தளத்தில் பெரும்பங்கு வால்டர் ஹார்டிங் என்பவரின் சேகரிப்பு. லண்டனில் பிறந்து, சிகாகோவில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். கூலிக்கு வாசித்த கையால் பழைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து, அனைத்தையும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு எழுதி வைத்தார். அவரை நினைக்காமல் நான் அந்தத் தளத்தைத் திறப்பதில்லை.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். முதலடி, தலைப்பு, போட்டிருக்கும் பெயர், பக்கம், முன்னால் உள்ள பாட்டு, பின்னால் உள்ள பாட்டு என்று கட்டம் பிரியுங்கள். கடைசியாக ஒரு கட்டம்: இந்தப் பாட்டு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தக் கட்டத்தை நான் இரண்டாம் ஆண்டில்தான் சேர்த்தேன். பிரதமரையும் பிஷப்பையும் பார்த்துச் சிரிக்கும் அதே புத்தகங்கள் அயர்லாந்துக்காரரையும் யூதரையும் ஏழையையும், எல்லாருக்கும் மேலாகப் பெண்களையும் பார்த்துச் சிரிக்கின்றன. சில பக்கங்களை என் அண்ணன் மகள் வாசித்தபோது எங்கள் இருவருக்கும் முகம் சிவந்தது. அக்காலம் அப்படி என்று மூடிவிடாதீர்கள், கிழித்தும் எறியாதீர்கள். அக்காலத்திலேயே பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள். 1732இல் ஸ்விஃப்ட் ஒரு சீமாட்டியின் ஒப்பனை அறைக்குள் புகுந்து அழுக்கையெல்லாம் கடை பரப்பினார். 1734இல் லேடி மேரி அதே எட்டசை ஓட்டத்தில், ஸ்விஃப்ட் அந்தப் பாட்டை ஏன் எழுதினார் என்று காரணம் கண்டுபிடித்துப் பாடினார்: ஒரு விலைமகளிடம் போய் ஆண்மை தோற்று, கொடுத்த காசும் திரும்பக் கிடைக்காத கோபமாம். இந்த இரண்டையும் ஒரே அமர்வில், இதைப் படித்த வாயோடு அதையும் படிக்க வேண்டும்.

ஓராண்டு இப்படிப் படித்த பிறகு நீங்களே ஒரு ஃபாரம் கட்டுங்கள். உங்கள் நோட்டிலிருந்து பத்துப் பாட்டு எடுங்கள், பெயர் பெற்றவை மூன்றுக்கு மேல் வேண்டாம். எதற்குப் பக்கத்தில் எது என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய வெற்றுத் தாளை மூன்று முறை மடித்து, வெட்டாமல், மடிப்புகளைச் சற்று விரித்து 1 முதல் 16 வரை பக்க எண் எழுதுங்கள். பிறகு முழுதாக விரித்தால் எந்தப் பக்கம் எந்த மூலையில் தலைகீழாக நிற்க வேண்டும் என்று அந்தத் தாளே காட்டிவிடும். ஒருபுறம் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும், மறுபுறம் மற்றவை. அதன்படி பாட்டுகளை நகலெடுத்து ஒட்டி, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஏதாவது ஒரு நகலகத்தில் இருபுறமும் எடுங்கள், மடியுங்கள், முதுகில் நூல் போட்டுத் தைத்த பிறகு ஓரங்களை வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தொடர்சொல் எழுத மறக்காதீர்கள். பதினாறாம் பக்கத்தைக் காலியாக விடுங்கள். எங்கள் பிரதியில் அந்தப் பக்கத்தில் என் அண்ணன் மகளின் தோழி ஒருத்தி, பதினோராம் பக்கத்துப் பாட்டுக்கு எட்டசையில் ஒரு பதில் எழுதித் தந்திருக்கிறாள். இரண்டு அடியில் அழுத்தம் பிசகுகிறது, அதை வரும் சனிக்கிழமை அவளோடு உட்கார்ந்து திருத்த வேண்டும்.